பக்கத்து வீட்டுக் குளிர்

சோடாக் கிளாஸைக் கையில் வாங்கியதுமே உதயகலாவுக்கு அலுத்துப்போனது. நல்ல குளிர். அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவு கேட்ட வீடுகளைச் சரிபார்க்க அவள் குருநகருக்கு வந்திருந்தாள். குளிர்ந்த சோடா வருகிற வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டே ஆகவேண்டும்.

வேலையில்லாத வீடுகளுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கத் திறைசேரியில் காசில்லை, பிரிட்ஜ் மாதிரிப் பொருள் கண்டால் கொடுப்பனவை வெட்டுங்கள் என்று காலைக் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். பட்டம் முடித்து, வேலை கேட்டு, மாவட்டச் செயலகமான கச்சேரியின் வாசலில் வருஷக்கணக்காகப் பதாகை பிடித்திருந்தவள் அவள். கடைசியில் அதே திறைசேரிதான் அவளுக்கும் படியளக்கிறது. நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. நினைத்தால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும்.

எதிரே வீட்டுக்காரன் லெனாட் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். இழுவைப்படகுகள் வலைகளை அறுத்துப் போனபிறகு அவன் மீன்பிடிக்கப் போய்வந்த படகை முதலாளி விற்றுவிட்டார். அன்றிலிருந்து அவனுக்கு வீடுதான். ஆனாலும் வந்த ஆளை வெறும் தண்ணீரோடு அனுப்ப அவன் மனைவி பெர்னடெட்டுக்கு மனம் வராது. பக்கத்து வீட்டிலிருந்து தகர வேலியில் இருந்த பொட்டு இடைவெளிக்குள்ளால் அவள் சோடாப் போத்தலோடு நுழைந்து வந்ததை உதயகலா கண்டிருந்தாள்.

“வீட்டிலை பிரிட்ஜ் இருக்கோ அண்ணை?”

“இருக்கு மிஸ். அதுகூட இல்லாமலோ?”

பெர்னடெட் சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“எங்கை? படம் எடுக்கவேணும்.”

லெனாட் குசினிப் பக்கம் திரும்பினான். அங்கே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் இரண்டு சட்டிகளும் இருந்தன.

“திருத்தக் குடுத்திருக்குப் பிள்ளை,” என்றாள் பெர்னடெட், நிலத்தைப் பார்த்தபடி.

பொய் என்று மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்காரர் வாயால் சொன்னதை மாற்றி எழுதி, நாளைக்கு யாராவது கிளறினால் போவது உதயகலாவின் வேலை. படத்துக்குப் பதிலாக ‘திருத்தத்தில்’ என்று குறித்து, அவள் கைக்கணினியில் ‘உண்டு’ என்பதை அழுத்தினாள். லெனாட் விரலால் கையெழுத்து வைத்தான். அவள் அனுப்பிவிட்டாள்.

ஒடுங்கிய ஒழுங்கைப் பாதையின் மணலில் புதைந்த ஸ்கூட்டியைத் தள்ளிவிட அவன் கூடவே வந்தான். முடக்குத் திரும்பி வீடு மறைந்ததும் நின்றான்.

“தங்கச்சி, உந்தப் பிரிட்ஜ் கதையை எழுதாதேங்கோ. நான்தான் வாய் விட்டிட்டன். மனிசி என்னைக் காட்டிக் குடுக்கேலாமல் சொன்னவ.”

“அனுப்பிப்போட்டன் அண்ணை.”

“ஓம்... ஓம், அனுப்பத்தானே வேணும்.”

“அப்பீல் ஒண்டு போடலாம். பிரிட்ஜ் இல்லை, சொன்னது பொய்யெண்டு நீங்கள்தான் எழுதித் தரவேணும்.”

லெனாட் தலையாட்டினான். ஸ்கூட்டியின் பின்பக்கத்தைப் பிடித்திருந்த கையை அவன் எடுக்கவில்லை. அவளும் திறப்பைத் திருகி ஸ்கூட்டியைக் கிளப்பவில்லை.