பஸ்ஸுக்குள் இருபத்திரண்டு பேர்

ஈப்போ போய்ச் சேருவதற்குள் சுகுமாரன் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். அதைச் செய்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

தைப்பிங்கில் காலையிலிருந்தே மழை. ஜைனுலாப்தீன் அண்ணனையும் அவருடைய பஸ்ஸையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஈப்போ மாடல் கண்காட்சிக்குப் புறப்பட்டிருந்தான். பஸ் என்றால் மடியில் வைத்துக்கொள்ளும் பஸ். நிஜ பஸ்ஸில் இருபத்து நாலில் ஒரு பங்கு. தைப்பிங்கில் மனைவி குல்ஜாரோடு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அண்ணன், மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு கல்லா மேசையிலேயே உட்கார்ந்து, பிளாஸ்டிக் தகட்டை அறுத்து அறுத்து மூன்று வருஷமாகக் கட்டியது. சின்ன வயதில் அவர் ஏறிப் போன பச்சை நிற பஸ். உள்ளே இருபத்திரண்டு பயணிகள், ஒவ்வொருவரும் விரல் நீளம். யார் யார் என்று அவர் சொல்லவில்லை. கூரையை ஒட்டிய பிறகும் யாரையும் எட்டிப் பார்க்க விடவில்லை.

"ஷோவுல பாத்துக்கலாம்லா. இப்பவே பாத்துட்டா அங்க வந்து என்னத்த பாப்ப?"

பயணிகளுக்கு முகம் வரைந்து முடித்த மாதம்தான் அவருடைய வலது கண் போனது. சர்க்கரை வியாதி. இடது கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. இதுதான் கடைசி மாடல் என்று அவரும் சுகுமாரனும் சேர்ந்திருந்த மாடல் கிளப்பில் எல்லாருக்கும் தெரியும். அதை நாலு பேர் குனிந்து உள்ளே பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. பரிசைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை.

கோலகங்சாரில் தேநீருக்கு நிறுத்தினார்கள். அண்ணன் கழிவறைக்குப் போனார். சுகுமாரன் பஸ் இருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பார்த்தான். வழியில் எங்கோ ஒரு பள்ளத்தில் விழுந்த அதிர்ச்சியில், பின் பக்கத்து ஜன்னல் கண்ணாடி ஒன்று பிடி விட்டு உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

கண்ணாடிப் பாகத்துக்கு வெள்ளைப் பசை மட்டும்தான் வைக்க வேண்டும். அது காய அரை மணி நேரம் ஆகும். ஆனால் வேனில், அவனுடைய ஏர்கான் பழுதுபார்க்கும் வேலைக்கு வைத்திருந்த சூப்பர் குளூ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அண்ணன் திரும்பி வருவதற்குள் முடித்துவிட வேண்டும், பாவம், பார்த்தால் பதறிப் போவார் என்று நினைத்தான். உள்ளே இருப்பவர்களைப் பார்க்கக்கூட நிற்காமல், இரண்டு சொட்டு வைத்து ஜன்னலை நிமிர்த்தினான். சாரல் உள்ளே அடித்ததால் பெட்டியை மூடி, சுற்றிலும் டேப் ஒட்டினான். அண்ணன் வந்ததும் ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்தான்.

ஈப்போவில் ஒரு பேரங்காடியின் மூன்றாவது மாடியில் கண்காட்சி. கறுப்புத் துணி விரித்த நீள மேசைகள், அவற்றின் மேல் டாங்கிகள், விமானங்கள், ரோபோக்கள். கிளப் மேசையைப் பிடித்து வைத்திருந்தவன் தர்மா, சுகுமாரனோடு பள்ளியில் படித்தவன். அண்ணனைப் பதிவு மேசைக்கு அனுப்பிவிட்டு இருவரும் டேப்பைப் பிரித்தார்கள்.

தர்மா மூடியைத் தூக்கியவன் அப்படியே நின்றான்.

பஸ்ஸின் ஜன்னல்கள் அத்தனையும் வெளுத்துப் போயிருந்தன. பாலைத் தொட்டு உள்ளேயிருந்து தடவியதுபோல.

"மச்சான், என்னத்த வச்சு ஒட்டுன?"

"சூப்பர் குளூ. ரெண்டே சொட்டுதான்டா."

"ஒட்டிட்டு மூடி வச்சியா?"

"மழைடா."

"அலமாக்! புதுசா வாரவனுக்கெல்லாம் மூடி வைக்காத, ஆவி கட்டும், வெள்ளையாயிரும்னு லெக்சர் அடிக்கிறதே நீதானே! ஈர நாள்ல ஒட்டி, டேப்பும் போட்டியா? நல்லா வேக வச்சிருக்கடா, இடியாப்பம் மாதிரி!"

சுகுமாரன் பாலிஷைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு ஒரு ஜன்னலைத் தேய்த்தான். வெளிப்பக்கம் சுத்தமாகத்தான் இருந்தது. வெள்ளை உள்பக்கம். கூரையோ, அண்ணன் ஒட்டியபோதே சுவரோடு உருகி இறுகிவிட்டது. அறுத்தால் பஸ் பிளந்துவிடும். இன்னொரு குச்சி எடுத்தான். அது எதற்கும் ஆகாது என்று தெரிந்தே தேய்த்தான்.

"விடு மச்சான். அண்ணன் வாராரு."

ஜைனுலாப்தீன் பதிவு அட்டையை ஆட்டிக்கொண்டே வந்தார். "ஆறாம் நம்பர் மேசை. நடுவருங்க இந்தப் பக்கமிருந்துதான் ஆரம்பிக்கிறாங்களாம்." மூக்கு இடிக்கும் அளவுக்குப் பஸ்ஸிடம் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சுகு, இங்க லைட்டு கம்மியா?"

"இல்லண்ணே."

"நேத்து சாயந்திரம்கூட தெரிஞ்சிச்சு. குல்ஜாரோட முக்காட்டுக் கரை வரைக்கும் தெரிஞ்சிச்சு." அவர் சிரிக்கப் பார்த்தார். "இப்ப ஒரே பனி. இதுவும் போயிருச்சு போல இருக்குலா."

தர்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அண்ணன் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நீ வேன் கொண்டு வர வேணாம். லேசர் அடிக்கிறதுக்குள்ள மங்கிருச்சுன்னா பிரயோஜனம் கம்மின்னு டாக்டரே சொன்னாரு. இனி எதுக்கு வீணா அலைஞ்சுக்கிட்டு? குல்ஜாருக்குப் போன் போட்டுக் குடு, சொல்லிர்றேன்."

போனை நீட்டினார். சுகுமாரன் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வாயை மூடிக்கொண்டிருந்தால், பஸ் நன்றாக இருக்கிறது என்ற நினைப்பாவது அவரிடம் மிஞ்சும். எல்லாரும் பார்த்தார்கள், அசந்து போனார்கள் என்று ஒரு பொய்யும் சேர்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் மிச்சமிருக்கிற பார்வையும் அந்தப் பொய்யோடு போய்விடும்.

"அண்ணே, உங்க கண்ணு இல்லண்ணே. பஸ்ஸுதான்."

"என்ன பஸ்ஸு?"

சொன்னான். கழன்ற ஜன்னல், சூப்பர் குளூ, மூடி, டேப், எல்லாம். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், அவர் மார்பில் தொங்கிய பதிவு அட்டையைப் பார்த்தே சொன்னான்.

அண்ணன் தலையைத் திருப்பி தர்மாவின் சட்டையை உற்றுப் பார்த்தார். "கிந்தா... மாடல்... கிளப்," என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். "சரியா?"

"சரிதாண்ணே," என்றான் தர்மா.

"அல்ஹம்துலில்லாஹ்." மூச்சை நீளமாக விட்டார். ஒரு கணம் அவர் முகம் மலர்ந்தே போனது. பிறகு கை தானாக நகர்ந்து பஸ்ஸின் கூரைமேல் போய் உட்கார்ந்தது. முகத்திலிருந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"துடைக்க முடியாது?"

"உள்பக்கம்ணே."

"கூரையை அறுத்தா?"

"ஆளுங்க உடைஞ்சிருவாங்க."

"திரும்ப வரைய எனக்குக் கண்ணு இல்ல," என்றார், ஏதோ விலை சொல்வதைப் போல.

அவர் திட்டியிருந்தால் சுகுமாரனுக்குத் தேவலை போலிருந்தது. பெயர் சொல்லி, கெட்ட வார்த்தையிலேயே திட்டியிருக்கலாம்.

நடுவர் வந்தார். வெள்ளைக் கையுறை போட்ட சீனர், கையில் சின்ன டார்ச். ஜன்னலில் வெளிச்சம் அடித்தார். அது வெள்ளையில் பட்டு அவர் முகத்துக்கே திரும்பியது. இன்னொரு ஜன்னல். அங்கும் அதேதான்.

"உள்ளே ஆட்கள் இருக்கிறார்களா, அங்கிள்?" என்று மலாயில் கேட்டார்.

"இருபத்திரண்டு பேர்," என்று அண்ணனும் மலாயிலேயே ஆரம்பித்தார். "முதல் சீட்டுல என் சம்சாரம், கல்யாணமான வருஷம் எப்படி இருந்தாளோ அப்படி. அடுத்தது எங்க கடையில ரொட்டி போட்டவரு, தூங்கி வழியிறாரு. மூணாவது சீட்டுல ரப்பர் தோட்டத்துல பாலுக்கு மரம் வெட்டிக்கிட்டு இருந்த ஒரு அம்மா, மடியில கூடை. செல்லாயின்னு பேரு." கையை நீட்டி சுகுமாரனைக் காட்டினார். "இந்தப் பையனோட அம்மா."

சுகுமாரன் சட்டென்று மூன்றாவது ஜன்னலிடம் குனிந்தான். வெள்ளை. கண்ணை ஒட்ட வைத்தான். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. வெள்ளைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு நிழல் தெரிந்தது. அது ஆளா, சீட்டா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

நடுவர் மரியாதையாகத் தலையாட்டினார். கண்ணுக்குத் தெரிவதற்கு மட்டும்தான் மதிப்பெண் போட முடியும், மன்னிக்கணும் என்றார். பாரத்தில் ஏதோ எழுதிக்கொண்டு, பக்கத்து மேசையில் விளக்கு மினுக்கிய டாங்கியிடம் நகர்ந்தார். அங்கே கூட்டம் கூடியது.

"அண்ணே..." என்றான் சுகுமாரன். "அம்மா என்ன சேலைண்ணே கட்டியிருக்காங்க?"

ஜைனுலாப்தீன் யோசித்தார். "ஊதான்னுதான் நினைக்கிறேன். ரெண்டு தடவ மாத்துனேன்லா. கடைசியா என்ன கலர் அடிச்சேன்னு சரியா ஞாபகம் இல்ல, தம்பி."

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வார?"

"ஏழுக்குண்ணே."

"ஆறரைக்கு வா. அங்க கூட்டமா இருக்கும்."