விரிப்பின் நான்காவது முனை

வாருங்கள், முன்னறையோடு நின்றுவிடாதீர்கள். அங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கின்றன, சபையார் திரண்டு வந்திருக்கிறார்கள், கண்கள் மூடியிருக்கின்றன, கைகள் உயர்ந்திருக்கின்றன, சிந்தும் கண்ணீரும் பொய்க் கண்ணீர் அல்ல. ஆனால் அந்த அறைக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு துணித்திரை தொங்குகிறதே, அதை விலக்கிப் பாருங்கள். இங்கே நடக்கும் அநியாயத்தில் அடிப்பவன் இல்லை, திருடுபவன் இல்லை, ஏசுபவனும் இல்லை. நல்லவர்கள் மட்டுமே கூடி, நல்ல மனத்தோடு, ஒரு பெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக நசுக்கிக்கொண்டிருக்கிறார்கள். கொடியவர்களின் கொடுமையைக் கண்டிக்க மேடைகள் உண்டு. நல்லவர்களின் கொடுமைக்கு மேடை ஏது? அதனால்தான் உங்களை அழைக்க வேண்டியிருக்கிறது.

சபையில் அவளைச் 'சாட்சியக்கா' என்றார்கள். போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவே அவளை எழுந்து நிற்கச் சொல்லி, "இதோ, நம் மத்தியில் நடமாடும் ஒரு சாட்சி" என்று கைகாட்டியதிலிருந்து ஒட்டிக்கொண்ட பட்டம் அது. படுத்த படுக்கையாகிவிட்ட கணவனை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்கிறாள், வேலைக்கும் போகிறாள், ஆராதனைக்கும் தவறாமல் வருகிறாள் என்று அவர் அடுக்க அடுக்கச் சபை கைதட்டியது. எழுந்து நின்றதில் அவளுக்கு ஒரே ஒரு நிம்மதிதான், உட்கார்ந்திருந்தால் தூங்கிப்போயிருப்பாள். பட்டம் கிடைத்த பிறகுதான் அதன் எடை தெரிந்தது. அதுவரை அவள் முகம் சுளிக்காமல் இருந்தது அவள் இஷ்டம். அன்றுமுதல் அது உத்தியோகம். களைப்பாக இருக்கிறது என்று ஒருவரிடம் வாய்திறந்து சொல்லிவிட்டால், சாட்சி கெட்டுப்போகும்.

கணவர் பஸ் டிரைவர். வாட்டசாட்டமான ஆள், அவள் அவருடைய தோளுக்குக்கூட வரமாட்டாள். ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலப்பக்கம் முழுவதும் செயலிழந்தது, பேச்சும் போயிற்று. போன பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும், எல்லோரும் இறங்கிய பிறகும் பின்சீட்டில் அயர்ந்து தூங்கும் பயணியைப் போலத் தங்கிவிட்டது. "ரைட்." கண்டக்டர் பின்னாலிருந்து குரல் கொடுக்கக் கேட்டுக் கேட்டு, வாழ்நாளெல்லாம் வண்டியை எடுத்த சொல். இப்போது தாகத்துக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், போர்வை வேண்டாம் என்பதற்கும் அதுதான். "கர்த்தர் உங்களை எழுப்பி நடக்கப்பண்ணுவார்னு நம்புறீங்களாண்ணே?" என்று சபையார் கேட்க, அவர் "ரைட்" என்பார். "பாத்தீங்களா, என்ன விசுவாசம்!" என்று அவர்கள் பூரித்துப்போவார்கள். முதுகு அரிக்கிறது என்று அவர் சொன்னது அவளுக்கு மட்டும் விளங்கும். ஏற்றமும் இறக்கமும் இழுப்புமாக அந்த ஒரு சொல்லில் அவர் ஒரு மொழியையே பேசினார். அந்த மொழி தெரிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

முதுகெலும்பு முடியும் இடத்தில் அவருக்குப் படுக்கைப் புண் வந்திருந்தது. முதலில் சிவப்பாய்த் தெரிந்தது. பிறகு தோல் பிரிந்தது. இப்போது ஒரு விரல் நுழையும் குழியாகிவிட்டது. கட்டு மாற்ற வரும் நர்ஸ் எதையும் மூடி மறைத்துப் பேசுபவளல்ல.

"ஈரம் மட்டும் நிக்கவே கூடாதும்மா. எலும்பத் தொட்டுச்சுன்னா அப்புறம் என் கையில இல்ல, டாக்டர் கையிலயும் இல்ல. ஒண்டியா இழுத்துப் புரட்டாதீங்க, தோல் உரியும். அடியில விரிப்பு போட்டிருக்குல்ல, நாலு முனையிலயும் ஆள் நின்னு தூக்கி, ஒருக்களிச்சாப்ல பிடிக்கணும். நீங்க துடைச்சு, மாத்திடலாம்."

"நாலு பேருக்கு நான் எங்க போறது?"

"நல்லாக் கேட்டீங்க. நான் வர்றப்பல்லாம் வாசல்ல செருப்பு வைக்க இடமில்ல, அவ்வளவு பேரு வந்து போறாங்க!" என்று சிரித்துவிட்டுப் போனாள் நர்ஸ்.

வந்து போனவர்கள் சும்மா வரவில்லை, அவருக்காக ஜெபித்தே ஆக வேண்டும் என்ற பாரத்தோடு வந்தார்கள். அவளுடைய நாத்தனார், அவரோடு பிறந்த ஒரே தங்கை, பள்ளிக்கூட ஆசிரியை. எதையும் ஒழுங்காக நடத்திக் காட்டும் கெட்டிக்காரி. அண்ணனுக்காக அவள் ஒரு ஜெபச் சங்கிலியை ஏற்பாடு செய்திருந்தாள். இரவும் பகலும் இடைவெளி விழாமல், ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடர்ந்து மன்றாட வேண்டும். அதில் பிழையில்லை. பிழை, அந்த அன்பானவர்களின் மரியாதையில் இருந்தது. ஒவ்வொருவரும் தம் முறை முடிந்ததும் அவளுக்குப் போன் செய்தார்கள்.

"அக்கா, தூங்கிட்டீங்களா? என் முறை முடிஞ்சுது. விசேஷமா ஜெபக் குறிப்பு ஏதாச்சும் இருக்கா?"

தூக்கம் என்ற ஒரே குறிப்பு அவள் நாக்கின் நுனியில் நின்றது. சாட்சியக்கா அதைச் சொல்லலாமா? "நீங்க ஜெபிக்கறதே போதும்பா" என்று கட்டிலின் காலில் சாய்ந்தபடி முணுமுணுப்பாள். போனை வைத்துக் கண்ணசரும்போது அடுத்த மணி அடிக்கும். ஒரு தடவை எடுக்காமல் விட்டதற்கு, விடிந்ததும் நாத்தனார் கூப்பிட்டாள். "என்ன அண்ணி, சங்கிலியில ஒரு கண்ணி விட்டுப்போச்சுன்னா சத்துருவுக்கு வழி திறந்த மாதிரி ஆகாதா?" வழி திறந்துதான் இருந்தது. அதன் வழியாக ஒவ்வொரு இரவும் அவளுடைய தூக்கம் வெளியேறிக்கொண்டிருந்தது.

அவள் வேலை பார்த்தது ஒரு தையல் ஆலையின் இஸ்திரிப் பிரிவில். நாளெல்லாம் நின்றபடி, கொதிநீராவி சீறும் பெட்டியை அழுத்தி, சட்டைகளின் முதுகை நிமிர்த்தும் வேலை. தன் முதுகு நிமிராதவளுக்கு ஊரார் சட்டைகளின் முதுகை நிமிர்த்தக் கொடுத்திருந்தார்கள். சங்கிலி ஓடிக்கொண்டிருந்த அந்த வாரம், நின்றபடியே ஒரு கணம் கண் செருகிற்று. கண்விழித்தபோது ஒரு வெள்ளைச் சட்டை பழுப்பாகியிருந்தது. பெட்டியின் விளிம்பு அவள் மணிக்கட்டில் பதிந்திருந்தது. மேற்பார்வையாளன் ஓடிவந்தான்.

"யக்கா, இஸ்திரி சட்டைக்குப் போடணும், கைக்குப் போடக்கூடாது. இன்னொரு வாட்டி இப்படின்னா நான் மேல சொல்லியாகணும், சொல்லிட்டேன். ராத்திரி அப்படி என்னதான் பண்றீங்க?"

"ஜெபம்" என்றாள் அவள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்தான்.

இப்போது அந்த வாரம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வாருங்கள். காலை ஆராதனையில் போதகர் அருமையாகப் பிரசங்கித்தார். வாதக்காரன் ஒருவனைப் படுக்கையோடு சுமந்துவந்து, கூட்டத்தினால் வாசலில் நுழைய முடியாமல், வீட்டுக் கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னே இறக்கிய நான்கு பேரைப் பற்றி. "அந்த நான்கு பேரும் அங்கே ஒரு வார்த்தை பேசியதாக எழுதியிருக்கிறதா? இல்லை, பிரியமானவர்களே! அவர்களுடைய கைகள் பேசின! தோள்கள் பேசின!" என்று அவர் மேசையைத் தட்டினார். சபை அல்லேலூயா என்றது. அவள் மட்டும் மணிக்கட்டின் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டு, அந்தப் படுக்கையின் ஒரு முனையில் தன்னை நிறுத்தி, மற்ற மூன்று முனைகளில் யார் யார் என்று தேடிக்கொண்டிருந்தாள். எத்தனை தேடியும் ஒரு முகமும் அகப்படவில்லை.

சாயங்காலம், சங்கிலி நிறைவேறியதற்காகப் போதகர் உட்பட எல்லோரும் அவள் வீட்டில் கூடினார்கள். வந்தவர்களுக்கு அவளே நாற்காலி போட்டாள். அவளே தேநீர் கலந்தாள். அவளே ஆடையைச் சரிசெய்துகொண்டு வட்டத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜெபத்தை 'மைக்செட் அண்ணன்' தொடங்கினார். பம்பு செட் கடைக்காரரான அவருக்கு ஒலிபெருக்கி தேவைப்படாது என்பதால் வந்த பெயர் அது. பக்கத்தில் அவருடைய மனைவி. கணவர் பேசும்போது இடைமறிக்க இடமே கிடைக்காததால், பேசும் பழக்கத்தையே விட்டுவிட்ட அம்மாள். நாத்தனார் அண்ணியின் கையைப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடி விம்மினாள். பற்றிய இடம் கொப்புளத்தின் மேல் இருந்தது.

"ரைட்."

உள்ளறையிலிருந்து தாழ்ந்து, சட்டென்று முடிந்த குரல். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் படுக்கையிலேயே வெளிக்குப் போய்விட்டார்.

"ஆமென்!" என்றார் மைக்செட் அண்ணன், அதைத் தம் ஜெபத்துக்கு வந்த பதிலாக எடுத்துக்கொண்டு. இன்னும் உற்சாகமாக ஆதியாகமத்துக்குப் போய், அங்கிருந்து தீர்க்கதரிசிகளை ஒவ்வொருவராக அழைத்துவரத் தொடங்கினார்.

அவள் கையை உருவப் பார்த்தாள். நாத்தனார் இறுக்கினாள். "ஜெபம் ஓடுது அண்ணி" என்று உதடு பிரியாமல் கிசுகிசுத்தாள். ஈரம் இந்நேரம் கட்டுக்குள் இறங்கியிருக்கும். புண்ணைத் தொட்டிருக்கும். 'ரைட்' என்று இரண்டாம் முறை வந்தது. இழுவையாக, மன்னிப்புக் கேட்பதைப் போல. அந்த இழுவையைக் கேட்டபோது, 'சீக்கிரம் முடிஞ்சாத் தேவல' என்று அவள் மனத்தில் ஒரு நினைப்பு ஓடியது. ஜெபத்தையா, அவரையா, எதை நினைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தத் தெரியாமைதான் அவளை உலுக்கியது. கண்ணைத் திறந்தாள். வட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். இத்தனை முகங்களில் திறந்திருக்கும் கண்கள் தன்னுடையவை மட்டும்தான் என்று கண்டாள். கையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு எழுந்தாள்.

உள்ளே போய் அவருடைய இடது காலை மடக்கினாள். இடுப்புக்கு அடியில் கையைச் செலுத்தி, மூச்சைப் பிடித்துப் புரட்டினாள். வெந்த மணிக்கட்டு மடங்கியது. அந்தப் பாரமான உடம்பு பாதி எழும்பி, மறுபடியும் ஈரத்திலேயே விழுந்தது. அவர் வாய்விட்டுக் கத்தவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலித்தால் சுவரைப் பார்ப்பார். வெட்கப்பட்டாலும் சுவரைத்தான் பார்ப்பார்.

அவள் திரும்பி நடந்து, துணித்திரையை ஒரு ஓரத்துக்கு முழுக்கத் தள்ளினாள். நாற்றம் அவளை முந்திக்கொண்டு முன்னறைக்குள் நுழைந்தது. மைக்செட் அண்ணன் எசேக்கியேலின் நடுவே நின்றுபோனார்.

"யாராவது வந்து ஒரு முனையப் பிடிங்க" என்றாள்.

கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நாத்தனார் எழுந்தாள். "அண்ணி, என்ன இது? எல்லாரும் இருக்கறப்ப... முதல்ல ஜெபம் முடியட்டும். திரையப் போடுங்க."

"முடியட்டும்னா எப்ப? புண்ணுல எறங்குது."

"ஒரு நிமிஷம்மா, ஆசீர்வாதம் மட்டும் சொல்லிடறேன்" என்று போதகர் கையை உயர்த்தினார்.

"காலையில நீங்கதான ஐயா சொன்னீங்க, அந்த நாலு பேரும் ஒரு வார்த்தகூடப் பேசலன்னு." அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. அவளிடம் மிஞ்சியிருந்தது வாக்கியத்தை முடிக்கும் அளவுக்கான மூச்சுதான். "எனக்கு நாலு பேரு போதும். சாட்சியெல்லாம் என்னால முடியாது. நான் தூங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? உங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே தூங்கல. தயவுபண்ணி யாரும் எனக்கு இனிமே போன் பண்ணாதீங்க. வர்றதுன்னா வாங்க. வந்து பிடிங்க."

உயர்ந்த கை உயர்ந்தபடியே நின்றது. ஒருவர் வேதப்புத்தகத்தைப் பையில் வைத்துப் பையின் வாயை இழுத்து மூடினார். இன்னொருவருக்கு ஏதோ அவசரம் நினைவுக்கு வந்தது. வாசலில் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. அப்போது, யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு நாற்காலி நகர்ந்தது. மைக்செட் அண்ணனின் மனைவி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னே வந்தாள்.

"எந்தப் பக்கம்மா?" என்றாள். அந்த வீட்டில் அதுவரை கேட்கப்பட்ட அத்தனை கேள்விகளிலும் பதில் சொல்லக்கூடிய கேள்வி அது ஒன்றுதான்.

"தலைமாட்டுல, இடதுபக்கம்."

மனைவியின் குரலைக் கேட்ட அதிர்ச்சியோ என்னவோ, மைக்செட் அண்ணனும் வாய்பேசாமல் பின்னே போய் மறுபக்கத் தலைமாட்டில் நின்றார். போதகர் உயர்த்திய கையை மெல்ல இறக்கினார். கைப் பித்தான்களைக் கழற்றினார். முழங்கை வரை மடித்துவிட்டார். "காலையில நான் மேசையத் தட்டுனப்ப நீ எங்கம்மா உக்காந்திருந்த? உன்னப் பாக்காமலே தட்டியிருக்கேன்." என்று தணிந்த குரலில் கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் கால்மாட்டில் ஒரு முனையைச் சுருட்டிப் பிடித்தார்.

அவள் வெந்நீரையும் துணியையும் புதுக் கட்டையும் எடுத்துவைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கால்மாட்டின் மறுமுனை மெத்தையின் மேல் சும்மா கிடந்தது. உள்ளறை வாசலில் நாத்தனார் நின்றிருந்தாள். அண்ணன் விழுந்த நாளிலிருந்து அவள் இந்த நிலைப்படியைத் தாண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்கு அவளைத் தன் பஸ்ஸிலேயே, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போன அண்ணன் அவர். "அப்படி அவரப் பாக்க என்னால முடியாதண்ணி" என்பாள் எப்போதும். பார்க்க முடியாததை மறைக்கத்தான் அவ்வளவு நீளமான சங்கிலி தேவைப்பட்டிருக்கிறது என்பது இப்போது அவள் முகத்தில் எழுதியிருந்தது. முந்தானை மூக்கை மூடியிருந்தது. ஒரு கை திரைத்துணியைப் பற்றியிருந்தது.

அவர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார், தங்கையைப் பார்த்தார்.

"ரைட்" என்றார்.

மனைவியே அதுவரை கேட்டிராத ரைட் அது. ஏறப்போகும் ஒருத்திக்காக வண்டியை உறுமவிட்டபடி நிறுத்தி வைத்திருப்பவனின் பொறுமை அதில் இருந்தது.

மூன்று பேரும் விரிப்பை இறுக்கிக்கொண்டார்கள். மூன்று முனைகள் எழும்பின. நான்காவது முனை தளர்ந்து தொங்கியது. அந்தப் பெரிய உடம்பு அந்தப் பக்கமாகச் சரியத் தொடங்கியது. போதகரின் கைகள் நடுங்கின. நிலைப்படியின் மேல் ஒரு பாதம் தூக்கியும் தூக்காமலும் நின்றது.

அவள் அடியெடுத்து வைத்தாளா என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் தெருவிலும் ஒரு துணித்திரை தொங்குகிறது. அதன் பின்னே ஒரு முனை ஆளின்றிக் கிடக்கிறது. ஜெபிக்கிறேன் என்று செய்தி அனுப்பாதீர்கள். எழுந்திருங்கள். செருப்பை வாசலில் விடுங்கள். சட்டைக் கையை மடித்துவிடுங்கள். உள்ளே போய், எந்தப் பக்கம் என்று மட்டும் கேளுங்கள். கைகள் நடுங்குகின்றன, விரிப்பு சரிகிறது. போய்ப் பிடியுங்கள்!