கொடிமாறன் கொடுத்த வாக்கு

நான் ஒரு மடையன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐம்பத்தெட்டில் விழுப்புரத்தில் ராயப்பன் நடத்திய சிறுவர் வார இதழில் படக்கதை வரைந்துகொண்டிருந்தேன். கதாநாயகன் கொடிமாறன், பதினெட்டு வயது வாள்வீரன். அவனுக்கு ஒரு காதலி இருக்கட்டும் என்று நானாகத்தான் பூங்கோதையைச் சேர்த்தேன். அவளுக்கு என் அத்தை மகள் அம்சவள்ளியின் முகத்தை வைத்தேன். இடது புருவத்துத் தழும்பைக்கூட விடவில்லை.

திண்டிவனத்தில் அம்சவள்ளியை வல்லத்துக்காரன் ஒருவனுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். படம் போடுகிறவனுக்குப் பெண் கொடுக்க அவள் அப்பாவுக்கு மனமில்லை. கடிதம் போட்டால் அவர் கைக்குத்தான் போகும். அதனால் தை அமாவாசைக்கு மேல்மலையனூரில் அவளைப் பார்த்தபோது சொல்லிவைத்தேன்: "வாராவாரம் படிச்சிக்கினு இரு. கொடிமாறன் சொல்றதெல்லாம் நான் உனக்குச் சொல்றது."

'காத்திரு, வருவேன்' என்று கொடிமாறன் சொல்லச் சொல்ல, அவளும் வீட்டில் மாப்பிள்ளை வேண்டாமென்று ஒற்றைக்காலில் நின்றாள்.

ஆனியில் ராயப்பன் கத்தினார். "இன்னாப்பா பேஜாரு இது! பசங்க கத்திச்சண்டை கேக்குறானுங்க, நீ லவ்வு பண்ணிக்கினு கீற. அந்தப் பொண்ண ஜல்தியா அனுப்பிடு."

வேலையும் போய்விட்டால் எந்த முகத்தோடு பெண் கேட்பது? வரைந்தேன். ஆற்றங்கரையில் பூங்கோதை அழ, கொடிமாறன் குதிரை ஏறினான். 'எனக்காகக் காத்திருக்காதே.' ஒரு நடை ரயிலேறிப் போய் அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். அட, கதைதானே, அவளுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் வாரம் மஞ்சள் தடவிய அவள் கல்யாணப் பத்திரிகை வந்தது. திண்டிவனத்துக்கு விழுந்தடித்து ஓடினேன். கிணற்றடியில் நின்றிருந்தாள்.

"அது ராயப்பன் எழுதச் சொன்னது அம்சா!"

"ராயப்பன் யாருன்னு எனக்கு இன்னா தெரியும் மாமா? கொடிமாறன் சொல்றதெல்லாம் நீ சொல்றதுன்னு நீதான சொன்ன? அந்தப் பக்கத்த வச்சிக்கினு ரெண்டு நாளு அழுதேன். மூணா நாளு அப்பாகிட்ட சரின்னுட்டேன்."

"இப்பவே நான் உங்கப்பாகிட்ட பேசறேன்."

"தாம்பூலம் மாத்தியாச்சு. எங்கப்பா ஊருக்கு முன்னால தலகுனிஞ்சி நிக்கணுமா? போ மாமா." குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆவணியில் கல்யாணம் முடிந்தது. அடுத்த வாரமே ராயப்பன் ஒரு கட்டுக் கடிதத்தை என் மேசையில் போட்டார். பூங்கோதை எங்கே என்று ஊரூராகப் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள்.

"அந்தப் பொண்ண திரும்பக் கொண்டாந்துடுப்பா."

பேனாவை எடுத்தேன். கண் வந்தது, மூக்கு வந்தது. புருவத்தில் தழும்பு போடப் போனேன், கை ஓடவில்லை.

"இனிமே அவ வரமாட்டாங்க."

"ஏம்ப்பா?"

"கல்யாணம் ஆயிடுச்சுங்க" என்றேன்.