இருபது மணி நேரப் பெட்டி

மேலகரத்தில் ஞானபாக்கியத்துக்குத் தெரியாமல் ஒரு வீட்டில் பால் பொங்கி வழிந்துவிட முடியாது. இட்லி மாவு விற்கிறவள். காலையில் தெருவே தூக்குச்சட்டியோடு அவள் வாசலுக்கு வரும். மாவோடு சேதியும் கைமாறும். அப்படிப்பட்டவளுக்குச் சித்திரை மாதம் முழுக்க ஒரு அரிப்பு. பக்கத்து வீட்டு இசக்கிசெல்வி டிவிப் பெட்டியில் அப்படி எதைத்தான் சேர்த்து வைக்கிறாள்?

விசாரித்ததில் தெரிந்துவிட்டது. செல்வி குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். போன தடவை குரூப் ஃபோர் பரீட்சை எழுதி, கணக்கில் இருபத்தைந்துக்குப் பதினொன்று வாங்கிக் கோட்டைவிட்டவள். ஒரு தனியார் சேனலில் தினமும் காலை ஆறரைக்கு ஒன்றரை மணி நேரம் கணக்கு வகுப்பு. அந்த நேரத்தில் இவள் லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அதனால் ரெக்கார்டிங். யூட்யூபில் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்காத ஆள் கிடையாது. அதில் கால் மணி நேரத் துண்டுதான் வரும், மீதி அவர்கள் ஆப்பில் பணம் கட்டிச் சேர்ந்தவர்களுக்கு.

அந்த கேபிள் பெட்டி இருக்கிறதே, அதைப்போல் ஒரு பிடிவாதக்காரப் பிறவி கிடையாது. பின்னால் பென்டிரைவ் சொருகினால் ரெக்கார்டு ஆகும். முப்பத்திரண்டு ஜிபிக்கு மேல் சொருகினால் முழிக்கும். வேறொன்றை மாற்றிச் சொருகினால், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன் என்னும். கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டால் ஒன்றும் ஓடாது. ஆக மொத்தம் இருபது மணி நேரம். நிறைந்துவிட்டால், ஒரு வார்த்தை சொல்லாமல் அன்றைய வகுப்பைப் பாதியில் அறுத்துவிடும்.

செல்வி அதற்கு ஒரு சட்டம் போட்டாள். ஒரு வகுப்பைப் பார்த்தால், அதில் வந்த பத்துக் கணக்கையும் பார்க்காமல் நோட்டில் போட வேண்டும். பத்தும் சரியாக வந்தால்தான் அந்த வகுப்பை அழிக்கலாம். அழித்தால்தான் அடுத்ததுக்கு இடம். ஒன்பது வந்தால் மறுபடி பார்க்க வேண்டும். அவள் புருஷன் குற்றாலிங்கம், அருவிக்கரையில் எண்ணெய் மசாஜ் செய்கிறவன், தன் கபடிக்கு மூன்று மணி நேரம் மட்டும் கேட்டு வாங்கியிருந்தான்.

"கலெக்டரம்மா இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கா, கபடி பாக்கான்" என்று ஞானபாக்கியம் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அதோடு விட்டாளா? இவள் பாஸாகிற அளவுக்கு அப்படி என்ன கணக்கு என்று பார்க்க ஒருநாள் காலை ஆறரைக்கு அந்தச் சேனலைப் போட்டாள். கிரைண்டர் ஓடுகிற சத்தத்தில் டிவி சத்தம் வெளியே கேட்காது என்பது வசதி. போர்டில் இருந்ததைக் கிழித்த காலண்டர் தாளின் முதுகில் அப்படியே எழுதினாள். நாலு பேரிடம் காட்டி, "இதையா இவ போடப்போறா" என்று கேட்பதற்குத்தான். காட்டினாள், சிரித்தார்கள். ஆனால் மறுநாளும் எழுதினாள். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தும் ஒருநாள்கூட விட மனசு வரவில்லை.

சீசன் ஆரம்பித்தது. சாரலும் கூட்டமுமாக லாட்ஜ் நிறைந்தது. மூன்று மணிக்கு வீடு வந்து சேர்ந்ததும் செல்வி அசந்து தூங்கிப்போவாள். பார்க்காத வகுப்புகள் பதினொன்று சேர்ந்து, பெட்டி நிறைய அரை மணி நேரம்தான் பாக்கி. பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள்.

அன்றைக்கு அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. குற்றாலிங்கம் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டான். சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. கபடியை அழித்துவிட்டால் பொண்டாட்டிக்கு மூன்று மணி நேரம் கிடைக்குமே. முழங்கை வரை எண்ணெய். ரிமோட்டுக்கு வாங்கிய நாளில் போட்ட பிளாஸ்டிக் உறை. விரல் வழுக்கி, திரையில் ஒரு வரி கீழே போய் அமுங்கியது.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலே அவன் தலை தெரிந்தது.

"யக்கா, இங்கன கொஞ்சம் வாங்களேன். லிஸ்ட்டுல ஒண்ணையும் காணும்."

ஞானபாக்கியம் போய்ப் பார்த்தாள். திரை வெறுமையாக இருந்தது.

"எதடே அமுக்குன?"

"டிலீட்டத்தான்க்கா அமுக்குனேன். கீழ இன்னொரு டிலீட்டு இருந்திருக்கு."

"மொத்தத்தையும் துடைச்சிட்டியே. அவ வந்தா உன்னையத் துடைக்கப்போறா."

சொல்லிவிட்டுப் போனவள் வீட்டுக்குள் போகவில்லை. சண்டை முதல் வரியிலிருந்து காதில் விழ வேண்டும் என்று சுவரோரம் முருங்கைக்கீரை ஆய்வதுபோல உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று மணிக்குச் செல்வி வந்தாள். அவன் சொன்னான். ரிமோட்டின் பட்டன் அமுங்குகிற ஓசை மட்டும் நாலைந்து தடவை கேட்டது.

"பதினொண்ணும் போச்சா?"

"உனக்கு இடம் வரட்டுமேன்னுதான்..."

"தெரியுது. கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க, சாப்பிடுவோம்."

அவ்வளவுதான். தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. சாப்பிட்டு முடித்ததும் பழைய நோட்டுகளை விரித்து முதல் வகுப்பிலிருந்து போட ஆரம்பித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டாள் என்பதும் ஜன்னல் வழியே தெரிந்தது. ஞானபாக்கியம் எத்தனையோ வீட்டுச் சண்டைகளைப் பார்த்தவள். நடக்காமல் போன சண்டை ஒன்று அவளைக் கையிலிருந்த கீரையை மறக்க வைத்தது இதுதான் முதல் தடவை.

தாள்களைக் கொடுத்தால், எதற்காக எழுதினாய் என்ற கேள்வி வரும். கொடுக்காவிட்டால் இவள் மறுபடி பதினோரு மார்க்கோடு நிற்பாள். சுவரைச் சுற்றிப் போக அரை நிமிடம் ஆகும். அவளுக்கு அன்று அரைமணி நேரம் ஆனது.

"ஏட்டி, இந்தா. பதினோரு நாளும் இருக்கு. முன்பக்கம் தேதி போட்டிருக்கு, அடுக்கிக்கோ."

செல்வி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "நீங்க எதுக்குக்கா இதெல்லாம் எழுதுனீங்க?"

"உன்னையக் கேலி பண்ண."

செல்வி நிமிர்ந்து பார்த்தாள். "கேலி பண்ணவா இம்புட்டு அழகா கோடு போட்டு எழுதுனீங்க?"

"அது கையெழுத்து அப்படி."

அதற்குப் பிறகு மத்தியானந்தோறும் இருவரும் உட்கார்ந்தார்கள். ஞானபாக்கியம் எழுதியதை வாசிப்பாள். இந்த வரியிலிருந்து அந்த வரிக்கு வாத்தியார் எப்படிப் போயிருப்பார் என்று செல்வி தானே கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு குழாய் ஒரு தொட்டியை நிரப்பும் கணக்குக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. பத்தும் சரியாக வராமல் ஒரு தாளையும் அவள் கீழே வைக்கவில்லை. அழிக்க வேண்டிய அவசியமே இல்லாத காகிதத்துக்கும் அதே சட்டம்.

தென்காசியில் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். சில நாளில் விடைக்குறிப்பு இணையத்தில் வந்தது, ஒத்துப் பார்த்தாள். கணக்கில் இருபத்தைந்துக்கு இருபத்துமூன்று. அவள் லாட்ஜிலிருந்து போனில் சொன்ன பத்து நிமிடத்தில் இலஞ்சி வரைக்கும் சேதி போய்விட்டது. யார் கொண்டுபோனார்கள் என்று கேட்க வேண்டியதில்லை.

செல்வி வீடு வந்ததும் ஞானபாக்கியம் கேட்டாள்: "அந்த ரெண்டு எங்கட்டி போச்சு?"

"ஒண்ணு என் அவசரம். இன்னொண்ணு கூம்புக் கணக்கு. மூணுல ஒரு பங்குன்னு இருக்கணும், உங்க தாள்ல ரெண்டுல ஒரு பங்குன்னு இருந்தது. நான் சரிபாத்திருக்கணும்க்கா."

மறுநாள் காலை ஞானபாக்கியம் மாவு வாங்க வருகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாமாக இருந்தால் அதற்குள் நாலு வீட்டில் சொல்லியிருப்போம் என்று அவளுக்குத் தெரியும். தன் தாளில் தப்பு இருந்த கதை எந்த வாசல் வழியாக வந்து சேரப்போகிறதோ என்று அன்றும் காத்திருந்தாள், அதற்கடுத்த வாரமும் காத்திருந்தாள்.

வரவே இல்லை. குற்றாலிங்கத்திடமே நைசாகக் கேட்டுப் பார்த்தாள், அவனுக்கும் தெரியவில்லை.