பதில் வந்த வரிசை

கல்யாணத்துக்குத் தேதி குறித்த பிறகுதான் சண்முகப்பிரியாவுக்குச் சந்தேகம் வந்தது. மாப்பிள்ளை தீபக்குக்கு அமெரிக்காவில் வேலை. பெண் பார்க்க வந்தபோது அரை மணி நேரம் படபடவென்று பேசினான். அதோடு சரி. அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். அவர்கள் குடியிருந்த கணபதியில் அப்போதுதான் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அங்கே போய், ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அவனோடு பேசுவாள். அப்பா தம்பிதுரை துணைக்கு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

"சாப்டீங்களா?" என்று கேட்டால்கூட அவன் பதில் வர ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. யாராவது பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கிறார்களோ? இல்லை, இன்னொருத்தியோடும் பேசிக்கொண்டிருக்கிறானோ?

மூன்றாவது வாரம், அவன் அறையில் அவனோடு யாராவது தங்கியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பொறுமை போய், மனதில் இருந்ததையும் அடித்துவிட்டாள்: "வேற பொண்ணு யாராச்சும் இருக்காங்களா?"

உடனே திரையில் வந்தது: "ஆமாங்க, ரெண்டு பேரு. ஒரு வருசமா ஒண்ணாத்தான் இருக்கோம்."

அத்தோடு லைன் அறுந்துபோனது.

தம்பிதுரைக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்தச் சம்பந்தம் வேண்டாங்கண்ணு. இன்னைக்கே பல்லடம் போயி அவங்கப்பங்கிட்டச் சொல்லிப்போட்டு வாரேன்."

"ஒரு வாரம் பொறுங்கப்பா" என்றாள். அறையில் இருப்பவர்களைத்தான் சொன்னானோ? அப்படியென்றால் அதைச் சொல்ல ஏன் அவ்வளவு நேரம்?

மறுநாள் தனியாகப் போய், சென்டர் நடத்தும் காளிச்சாமியிடம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கம்ப்யூட்டர் கேட்டாள். ஒன்றில் ஒரு பேரிலும் அடுத்ததில் வேறு பேரிலும் உள்ளே நுழைந்தாள். முதலாவதில் "வந்துச்சா?" என்று அடித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இரண்டாவது திரைக்கு அது வந்து சேர எண்பது விநாடி ஆனது.

"ஏனுங்க, ரெண்டும் பக்கத்துலதானே இருக்குது?"

"இருந்தா என்னங்க அம்மணி? அமெரிக்கா போயிட்டுத்தானுங்க திரும்பி வரோணும். லைனும் ஒண்ணுதான், அதுல அத்தனை கூட்டம்."

தாமதத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த "ரெண்டு பேரு" எந்தக் கேள்விக்கு வந்த பதில் என்பது மட்டும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு முதல் வேலையாக, "கேள்விக்கு நம்பர் போடறேனுங்க. பதிலுக்கும் அதே நம்பர் போடுங்க" என்று எழுதி, பழைய இரண்டு கேள்விகளையும் வரிசையாகக் கேட்டாள். அப்பா நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். இரண்டு நிமிஷம் கழித்து வந்தது.

"1. ஆமாங்க, ரெண்டு பேரு. ஒருத்தன் நெல்லூரு, ஒருத்தன் சேலம்."

"2. இல்லீங்க. சத்தியமா இல்லீங்க."

அவளுக்கு மூச்சு வந்தது. அடுத்த வரியும் வந்தது.

"3. இது என் கேள்விங்க. உங்க பதில் எப்பவும் லேட்டாத்தான் வருது. உங்கப்பா பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கறாருங்களா?"

"என்னம்மிணி கேக்கறான்?" என்றார் தம்பிதுரை, கண்ணாடியைத் தேடிக்கொண்டே.

"ஒண்ணுமில்லீங்கப்பா. நீங்க போயி டீ குடிச்சுட்டு வாங்க."

அவர் மகளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெல்ல எழுந்து போனார். கதவு சாத்தியதும் அவள் அடித்தாள்: "3. சொல்லிக் குடுக்கலீங்க. ஆனா பக்கத்துல இருந்தாருங்க. இப்ப வெளிய அனுப்பிப்போட்டேன்."

தை மாதம் கல்யாணம் நடந்தது. அதுவரை இருவரும் நம்பர் போட்டேதான் பேசினார்கள். கடைசிக் கேள்வியின் நம்பர் இருநூற்றுப் பதினேழு.