காதில் விழாதவரை

படகுச் சத்தம் கேட்டதும் அம்மா எங்களைக் குடிசைக்குப் பின்பக்கம் விரட்டினாள். அப்பா அரைகுறையாகச் சுற்றிய வேட்டியோடும் நான் தலை நிறைய எண்ணெயோடும் ஓடிப்போய்ச் சவுக்கு மரத்தடியில் நின்றோம். வந்தது மீன்காரர்களின் படகு. அவர்கள் எங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் வலையை உதறிச் சுருட்டிக்கொண்டு போனார்கள். "போயிட்டா, வரலாம்" என்று அம்மா குரல் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை தாலி கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் அவளைப் பெற்றவரும் இப்படிக் கண்ணாமூச்சி ஆடுவதை மாப்பிள்ளை கோபிகிருஷ்ணன் பார்த்தால் என்ன நினைப்பான் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை.

பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற தீவு இது. தடா பக்கத்திலிருந்து படகில்தான் வரவேண்டும். கார் கிடையாது, ஆட்டோ கிடையாது, இரண்டு மூன்று சைக்கிள்கள் உண்டு. ரவி என்பவர் ஏரிக்கரையில் குடிசைகள் கட்டி வாடகைக்கு விடுகிறார். ஸ்ரீசிட்டியில் என்னோடு வேலை செய்கிறவர்கள் டிஜிட்டல் டீடாக்ஸ் என்று சனி ஞாயிறுகளில் வந்து, ஃபோனைக் கொடுத்துவிட்டு மண்ணில் படுத்துக் கிடப்பார்கள். திரும்பிப் போனதும் முதல் வேலையாக அந்த நிம்மதியை இன்ஸ்டாகிராமில் போடுவார்கள். நாங்களும் ஊரில் அதையேதான் சொல்லிவிட்டு வந்தோம். மாப்பிள்ளை வீட்டார் அசந்துபோனார்களாம். கல்யாணத்துக்கு முன்னால் குடும்பமே மனசுக்கு ஓய்வு எடுத்துக்கொள்கிறது, எவ்வளவு உயர்ந்த எண்ணம் என்று என் மாமியாராகப் போகிறவர் நாலு பேரிடம் சொன்னாராம்.

உண்மை வேறு. அப்பாவின் அண்ணா, என் பெரியப்பா ராமானுஜன், சித்தூரில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவர் போய்விட்டால் பங்காளிகளான எங்களுக்குப் பத்து நாள் தீட்டு. கல்யாணம் நின்றுவிடும். ஆனால் செய்தி காதில் விழுந்தால்தான் தீட்டு, விழாதவரை இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் காப்புக் கட்டிவிட்டால் அதற்குப் பிறகு என்ன செய்தி வந்தாலும் கல்யாணம் நிற்காது. இவ்வளவும் வாத்தியார் சொன்ன சாஸ்திரம். அதையும் ஃபோன் இல்லாத தீவையும் முடிச்சுப் போட்டது அம்மாவின் மூளை.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. தையில் வைத்த முகூர்த்தம் இப்படித்தான் போயிற்று. குடிபாலாவில் ஒரு பங்காளித் தாத்தா, நாங்கள் முகம்கூடப் பார்த்திராதவர், இறந்துபோனார். பூக்காரன் என்று நினைத்து அப்பா ஃபோனை எடுத்தார், செய்தி காதில் விழுந்தது, சத்திரத்துக்குக் கட்டிய பணத்தோடு எல்லாம் போயிற்று. இந்த ஆனி முகூர்த்தமும் தவறினால் அடுத்து ஆடி. அதற்குள் கோபி ஜெர்மனிக்குப் போய்விடுவான். அதனால்தான் எங்கள் ஃபோன்களெல்லாம் இப்போது திருப்பதியில் சம்பத் மாமாவிடம் இருக்கின்றன. அம்மாவின் தம்பிக்கு எங்கள் தீட்டு ஒட்டாது. அவர் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், எங்களிடம் சொல்லத்தான் கூடாது. புதன்கிழமை சாயங்காலம் வந்து எங்களை அழைத்துப் போவதாக ஏற்பாடு.

கேட்காமல் இருப்பதற்காக வந்த இடத்தில் எல்லாமே கேட்டது. ஊரில் ஹாரன் சத்தத்தில் அமுங்கிப் போவதெல்லாம் இங்கே துல்லியமாகக் காதில் விழுந்தது. தூரத்துப் படகின் மோட்டார், யாரோ யாரையோ கூப்பிடுவது, ஒரு நாரையின் இறக்கை. ஒவ்வொன்றுக்கும் அப்பா தலையைத் திருப்பினார். குடிசையிலிருந்து தண்ணீர்வரை நடப்பார், திரும்புவார், மறுபடி நடப்பார்.

"இன்னா சாமி, இங்க வர்றவங்கல்லாம் துன்னுட்டு தூங்குவாங்கோ. நீங்க இன்னாடான்னா நடந்துக்கினே கீறீங்க" என்றார் ரவி.

"பழக்கம்ப்பா" என்றார் அப்பா.

விளக்கேற்றும் நேரம்தான் மோசம். பெரியப்பா தினமும் கார்வேட்டிநகரத்திலிருந்து அந்த நேரத்துக்கு ஃபோன் செய்வார். "ஏண்டா, தளிகை ஆச்சா?" என்று கேட்பார். "ஆச்சுண்ணா" என்பார் அப்பா. "சரே" என்று தெலுங்கில் சொல்லி வைத்துவிடுவார். சமையல் ஆனதா என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. இருபது வருஷமாக இதைக் கேட்டு எனக்குச் சலித்துப்போயிருந்தது. இங்கே அந்த நேரம் வந்தால் அப்பாவின் கை தானாக, ஃபோன் செருகியிருக்கும் இடுப்பைத் தடவியது. அதைப் பார்க்காமல் இருக்க நான் ஏரியைப் பார்த்தேன். இன்னும் மூன்று நாள் தாங்குங்கள் பெரியப்பா, அதற்குப் பிறகு உங்கள் இஷ்டம் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். புறப்படப் போகிற புத்தூர் பஸ்ஸை நிறுத்திவைக்கச் சொல்கிற மாதிரி. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை அப்பா நடப்பதை நிறுத்திவிட்டு அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"வஸு, ஒருவேளை ஆயிடுத்துன்னா சம்பத் என்ன பண்ணுவான்?"

"அதெல்லாம் அவன் பாத்துப்பான்."

"என்ன பாத்துப்பான்? அண்ணாவுக்குப் பிள்ளையா குட்டியா? நான்தானே கொள்ளி வெக்கணும்?"

அம்மா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. "ஐஸ் பெட்டியில வெச்சுப்பா. கல்யாணம் ஆனதும் நீங்க போய்ப் பண்ணலாம்னு சொல்லியிருக்கேன்" என்றாள் தலை நிமிராமல்.

அப்பா சிதறிய காய்த்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தார். பிறகு, "அண்ணாவுக்குக் குளிர் ஆகாதுடி" என்றார்.

அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. ஆஸ்பத்திரியில் பெரியப்பாவுக்குக் கஞ்சி புகட்டியவளும் அவர் துணியைத் துவைத்தவளும் அவள்தான். எனக்கு யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டும், ரொம்ப வேண்டும், அதுதான் என்னை அங்கே உட்காரவிடாமல் செய்தது. எழுந்து வெளியே வந்தேன்.

படகு ஒன்று வந்துகொண்டிருந்தது. ரவி நின்றுகொண்டு ஓட்டினார். நடுவில் உட்கார்ந்திருந்தவர் சம்பத் மாமா. புதன்கிழமை சாயங்காலம் வரவேண்டியவர்.

"பின்னாடி போங்கோ! ரெண்டு பேரும் பின்னாடி போங்கோ!" என்று அம்மா கத்தினாள். அப்பா நகரவில்லை. அவள் தண்ணீர் ஓரத்துக்கு ஓடினாள். "சம்பத்து, வாயைத் திறக்காதே! எதானாலும் சொல்லாதே!"

மாமா வாயைத் திறக்கவில்லை. ஏரியில் தண்ணீர் குறைந்திருந்ததால் படகு தூரத்திலேயே தரைதட்டி நின்றது.

"பேசவே வாணான்னா அவரு இன்னாத்துக்கும்மா வந்துக்கினு கீறாரு?" என்றார் ரவி. அவருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது.

மாமா பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். அம்மா திரும்பி ஓடிவந்து, எக்கி நின்று, பின்னாலிருந்து அப்பாவின் இரண்டு காதுகளையும் தன் உள்ளங்கைகளால் அழுத்திப் பொத்தினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு அவள் மணிக்கட்டுகளைப் பிடித்து மெல்ல இறக்கினார். கையை விட்டுவிடவில்லை, பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அலர்மேலு, நீ வேணா பின்னாடி போயிடும்மா. நீ கேக்காம இரு."

கன்னிகாதானம் செய்துகொடுக்க வேண்டியவர் அவர். அவர் கேட்டுவிட்டால் நான் கேட்டாலும் ஒன்றுதான், கேட்காவிட்டாலும் ஒன்றுதான். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும், கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாதவர் மாதிரி அதைக் கொடுத்தார். கோபியின் முகம், ஆடி மாசம், விமானம் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. நான் போய் அப்பாவின் மறுபக்கத்தில் நின்றேன்.

ரவி மோட்டாரை நிறுத்தினார். மாமா முழங்கால் தண்ணீரில் நின்றபடி அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் அப்பாவைப் பார்த்தார். அவர் கையிலிருந்த செருப்பு நழுவித் தண்ணீரில் விழுந்து மிதந்து போயிற்று. அவர் அதைப் பிடிக்கவில்லை.

"சொல்லு, சம்பத்" என்றார் அப்பா.