மச்சான் கம்பெனி

பூபாலனுடைய நிறுவனத்தின் பெயரில் 'குளோபல்' என்றொரு சொல் இருந்தது. கே.ஜி.கண்டிகையில், டீக்கடை மாடியில், வடை வாசனைக்கு நடுவே இயங்கிய குளோபல். அவனும் புஷ்பலதா என்ற ஊழியரும்தான் அதன் மொத்த உலகம். அந்த உலகத்துக்குச் சோறு போட்டது ஒரே ஒரு வாடிக்கையாளர். திருத்தணியைச் சுற்றிப் பள்ளிகளும் ஒரு நர்சிங் கல்லூரியும் நடத்தும் அறக்கட்டளை. அவர்களுடைய சுற்றறிக்கை, பாடக்குறிப்பு, தேர்வு முடிவு, ஆண்டுவிழாப் படம் எல்லாமே சென்னையில் அவன் வாடகைக்கு எடுத்த சர்வரில் இருந்தன. அதற்குக் காய்ச்சல் வந்தால் பூபாலன் பத்தியம் இருப்பான்.

இப்போது அதையெல்லாம் பெரிய கம்பெனிகளின் கிளவுடுக்குக் கொண்டுபோவதா, பூபாலனிடமே விட்டுவைப்பதா என்று முடிவெடுக்கத் தாளாளர் கோமளவல்லி கூட்டம் போட்டிருந்தார். போய்விட்டால் குளோபலைக் கீழே இருக்கும் டீக்கடையோடு இணைத்துவிட வேண்டியதுதான்.

ஆனால் அவனுக்குப் பயமில்லை. அறக்கட்டளையின் கணினிப் பிரிவுத் தலைவர் சூர்யபிரகாஷ் அவனுடைய அக்கா தேவயானியின் கணவர், அவனுக்குப் பாவா. முந்தின நாள் காலையில்தான் கீழே டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார்.

"மச்சான், உன் செட்டப்புல எங்கெங்க ஓட்டைனு ஒளிக்காம சொல்லிடு. தாளாளரம்மா கேட்டா நான் சமாளிக்கணும்ல?"

பல் டாக்டரிடம் திறப்பதுபோல் பூபாலன் வாயைத் திறந்தான். ஒரே நேரத்தில் பார்ப்பவர்கள் கூட்டம் வந்தால் சர்வருக்கு மூச்சுத் திணறும். பெரிதாக்க அரை நாளாகும். எல்லாக் கடவுச்சொல்லும் தன் ஒருவன் தலைக்குள்தான். பாவா தலையை ஆட்டிக்கொண்டே பஜ்ஜி சாப்பிட்டார்.

கூட்டத்தில் அவர் எழுந்து, "நம்ம பூபாலன் சார் வந்திருக்காரு" என்று ஆரம்பித்தார். சார்! மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து 'டேய்', 'மச்சான்' என்றே கூப்பிட்டவர். சபை மரியாதை என்று பூபாலன் பூரித்துக்கூடப் போனான்.

பிறகு ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. அவன் சொன்ன சொற்களிலேயே, 'மூச்சுத் திணறும்' உட்பட. முதலில் திட்டிவிட்டுப் பிறகு அணைத்துக்கொள்ளப் போகிறார் என்று காத்திருந்தான். அணைப்பு கிளவுடுக்குப் போனது.

"கூட்டம் வந்தா அதுவா விரியும்ங்கமா, போனா அதுவா சுருங்கும். பாத்துக்க ஒரு டீமே இருக்குது. தனி ஆள நம்பிகினு உக்கார வேணாம்."

"நீ இன்னாப்பா சொல்ற?" என்று கோமளவல்லி பூபாலனிடம் கேட்டார்.

"விரியும்ங்கமா. பில்லும் கூடவே விரியும். நமக்குக் கூட்டம் வருஷத்துல ரெண்டு மூணு நாள்தான். அதுக்கு முன்னாடியே பெருசு பண்ணி வெச்சிக்கலாம். மத்த நாள்ல ஆண்டுவிழா போட்டோவ பாக்க யாரு முட்டி மோதப் போறாங்க?"

கோமளவல்லி சிரித்துவிட்டார். அவர் மனசு தன் பக்கம் சாய்வது பூபாலனுக்குத் தெரிந்தது. பாவாவுக்கும் தெரிந்தது.

"ஆடிக் கிருத்திகை அன்னிக்கு இன்னா ஆச்சுனு மறந்துட்டீங்களாமா?"

யாரும் மறக்கவில்லை. நல்ல நாளாயிற்றே என்று நர்சிங் சேர்க்கை முடிவை அன்றைக்கு வெளியிடச் சொன்னவரே கோமளவல்லிதான். அத்தனை வீட்டிலும் ஒரே சமயத்தில் போனைத் தட்ட, சர்வர் விழுந்தது. மாலை வரை எழவில்லை. ஒப்பந்தம் நிலைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, மொட்டை போட்டு, பூபாலன் அந்த நேரம் காவடியோடு திருத்தணி மலைப் படியேறிக்கொண்டிருந்தான்.

"ஆபீஸ்லேர்ந்து விடாம போன் போட்டாங்க. ரிங்கு போய்கினே இருந்துச்சு, சார் எடுக்கவே இல்லீங்க" என்றார் பாவா.

காவடி எடுப்பவனுக்கு ஏது சட்டைப் பை? "நீ முருகனப் பாரு, சர்வர நான் பாத்துக்கறேன்" என்று அன்று போனைக் கேட்டு வாங்கியவரே பாவாதான். எதை அழுத்தினால் சர்வர் எழுந்துகொள்ளும் என்று சரவணப் பொய்கைப் படியில் வைத்துக் காட்டியும் கொடுத்திருந்தான். இறங்கி வந்ததும், "சார்ஜ் போச்சுடா" என்று திருப்பித் தந்தார். அன்றிலிருந்து பூபாலன் ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டான், பேட்டரியைத் திட்டினான், புது பேட்டரியும் போட்டான். இவ்வளவு புத்திசாலியை நம்பித்தான் ஓர் அறக்கட்டளையே இருந்தது.

"எங்கப்பா போயிருந்த?" என்றார் கோமளவல்லி.

"காவடிங்கமா. போன் கையில இல்ல."

"யார்கிட்ட இருந்துச்சு?"

பாவா குனிந்து, திரையை மாற்றும் கருவியில் எதையோ தேட ஆரம்பித்தார். ஒரு பெயரைச் சொன்னால் போதும். குளோபல் பிழைக்கும், புஷ்பலதாவின் வேலை பிழைக்கும். ஆனால் அக்கா குடியிருப்பது அறக்கட்டளை கொடுத்த வீட்டில். அவள் பிள்ளைகள் படிப்பதும் இங்கேதான்.

"தெரிஞ்சவர்தாங்கமா. அவருக்கு எடுக்கத் தெரியல போல."

"நல்லா இருக்குதுப்பா உன் பொறுப்பு."

கிளவுட் என்று முடிவானது.

வராந்தாவில் பாவா பின்னாலேயே ஓடி வந்தார். பூபாலன் திரும்பினான்.

"போன் அடிச்சது தெரியுமா பாவா?"

"ஆங்..." என்று இழுத்தார். "பாத்துகினுதான் இருந்தேன். உன்னுத மச்சான் கம்பெனி, மச்சான் கம்பெனின்னு ஆபீஸ்ல எல்லாரும் சிரிக்கிறாங்கடா. எத்தினி வருஷம் கேட்டுகினு இருக்கறது?"

"நேரா சொல்லியிருந்தா நானே விலகியிருப்பேனே."

"அக்காகிட்ட சொல்லிடாத" என்றார் பாவா.

பூபாலன் பைக்கை எடுப்பதற்குள் அக்காவே கூப்பிட்டாள்.

"இன்னாடா ஆச்சு?"

"போயிடுச்சுக்கா."

"ஐயோ! உன் பாவா எடுத்துச் சொல்லியுமா அந்தம்மா கேக்கல? நேத்தெல்லாம் உனக்காக உக்காந்து எதையோ தயார் பண்ணிகினே இருந்தாருடா. சோறுகூட ஒழுங்கா துன்னல."

"ஆமாக்கா. நல்லாவே பண்ணியிருந்தாரு. நான் சொன்னதுல ஒரு வார்த்தகூட விடல."

"பாத்தியா, அவரு மாதிரி யாரு பண்ணுவாங்க? நேரா இங்க வந்துடு. கறிக்குழம்பு வெச்சிருக்கேன். ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடுங்க."

அக்கா வைக்கும் கறிக்குழம்பை அவன் ஒருமுறைகூட வேண்டாம் என்றதில்லை.

"இன்னிக்கு வேணாம்க்கா" என்றான் பூபாலன். "புஷ்பலதாகிட்ட போய் சொல்லணும்."